ஒருமித்த குரலும் ஓமந்தைக்கு அப்பாலும்

வன்னியும் வெளியுலகும் – வரலாற்றுத் தொடர், பகுதி 14

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே 2002ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, அதனை மேற்பார்வை செய்யும் கண்காணிப்புக் குழுவில் நோர்டிக் நாடுகளின் பிரதிநிதிகள் இடம்பெறுவர் என்று ஒரே வரியில் வரையறுத்தது. நோர்டிக் நாடுகள் எனப்படுவன ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்துமாகும். வரலாற்றாலும் ஆட்சிமுறையாலும் நெருங்கிய இந்த ஐந்தையும் அந்த வரி ஒரு குடும்பமாகவே எடுத்துக்கொண்டது. ஆனால் குடும்பத்தின் நடுவே ஒரு கோடு அதற்கு நெடுநாள் முன்னரே விழுந்திருந்தது. டென்மார்க் 1973இலும், சுவீடனும் பின்லாந்தும் 1995இலும் இன்று ஐரோப்பிய ஒன்றியம் என அழைக்கப்படும் அணியில் சேர்ந்துவிட்டன. நோர்வே மக்கள் 1972, 1994 ஆகிய இரு ஆண்டுகளில் நடந்த வாக்கெடுப்புகளில் அதனைச் சிறு பெரும்பான்மையால் மறுத்தனர். ஐஸ்லாந்து உறுப்புரிமை பெறவேயில்லை. உடன்படிக்கை எழுதப்பட்ட நாளில் எவரும் பொருட்படுத்தாத அந்தக் கோடு நான்கே ஆண்டுகளில் வவுனியாவிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கண்காணிப்பாளர்களில் பெரும்பகுதியினரை வெளியேற்றியது. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, வர்த்தகத்துக்காகக் கூடிய நாடுகள் வெளிநாட்டுக் கொள்கையிலும் சேர்ந்து நடக்கப் பழகிய கதையை முதலில் அறிதல் வேண்டும்.

1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையால் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் அமைத்த ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் அடிப்படையில் ஒரு சுங்கக் கூட்டாகும். அதாவது, உறுப்பு நாடுகள் தமக்கிடையே தீர்வையை நீக்கிவிட்டு வெளிநாட்டுப் பொருள்களுக்குப் பொதுவான தீர்வை விதிக்கும் ஏற்பாடு. போரும் சமாதானமும் பற்றிய முடிவுகளைப் பொதுவாக்கும் முயற்சி அதற்கு முன்னரே தோற்றிருந்தது. பொதுப் படையொன்றை அமைக்கும் திட்டத்தை 1954 ஓகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றம் நிராகரித்தது. அரசியல் ஒன்றியம் ஒன்றுக்காக 1961–62இல் முன்வைக்கப்பட்ட திட்டமும் கைகூடவில்லை. ஆகவே 1969 டிசெம்பரில் ஹேக் நகரில் கூடிய அரசுத் தலைவர்கள், பெரிய கட்டுமானம் எதையும் எழுப்ப முனையாமல், வெளிநாட்டு அமைச்சர்கள் அவ்வப்போது கூடிப் பேசுவதற்கு ஒரு வழியைக் காணுமாறு மட்டும் பணித்தனர். பெல்ஜிய வெளிநாட்டமைச்சின் அதிகாரி எத்தியன் டாவினோனின் பெயரால் அறியப்படும் அறிக்கை 1970 ஒக்டோபரில் லக்சம்பேர்க்கில் ஏற்கப்பட்டது. அமைச்சர்கள் ஆண்டுக்கு இரு முறை சந்திப்பர், அவர்களுக்குக் கீழுள்ள அரசியல் பணிப்பாளர்கள் இன்னும் அடிக்கடி சந்திப்பர், ஒவ்வொரு நாடும் முடிவெடுக்குமுன் ஏனையவற்றைக் கலந்துகொள்ளும் என்பதே அதன் சாரம். ‘ஐரோப்பிய அரசியல் ஒத்துழைப்பு’ என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டுக்குச் செயலகமும் இல்லை, சட்ட அடிப்படையும் இல்லை.

வர்த்தகத்தையும் வெளிநாட்டுக் கொள்கையையும் கலந்துவிடக் கூடாது என்பதில் பிரான்ஸ் காட்டிய கண்டிப்பு, 1973இல் ஒரே நாளில் நிகழ்ந்த இரு கூட்டங்களில் வெளிப்பட்டது. காலையில் கோப்பன்ஹேகனில் அரசியல் ஒத்துழைப்புக்காகக் கூடிய அதே அமைச்சர்கள், பிற்பகலில் பொருளாதாரச் சமூகத்தின் கூட்டத்துக்காக பிரசெல்ஸுக்கு விமானம் ஏறினர். ஆட்கள் மாறவில்லை, மேசைதான் மாறியது. அந்த ஆண்டிலேயே உறுப்பு நாடுகளின் வெளிநாட்டமைச்சுகளை இணைக்கும் மறைகுறித் தந்தி வலையமைப்பொன்றும் தொடங்கப்பட்டது. உலகின் எந்த மூலையில் எது நடந்தாலும், ஒரு தலைநகரில் எழுதப்படும் கருத்து சில மணி நேரத்தில் ஏனைய தலைநகரங்களின் மேசைக்கு வந்தது. தந்தி எழுதும் அதிகாரிக்கு, தன் நாட்டின் நிலைப்பாட்டை வகுக்கும்போதே மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணும் வழக்கம் படிந்தது. உடன்படிக்கைகளின் வாசகங்களைக் காட்டிலும் இந்த வழக்கமே பின்னாளைய ஐரோப்பிய வெளிநாட்டுக் கொள்கைக்கு அடித்தளமாயிற்று என்று கொள்வது பொருந்தும்.

பேச்சளவில் நின்ற ஒத்துழைப்புக்கு வர்த்தகம் பலம் கொடுத்த முதற் பெரும் நிகழ்வு 1982இல் வந்தது. பலஸ்தீனருக்குச் சுயநிர்ணய உரிமை உண்டென 1980 ஜூனில் வெனிஸ் நகரில் அப்போதைய ஒன்பது உறுப்பு நாடுகளும் சேர்ந்து வெளியிட்ட பிரகடனம் கவனத்தை ஈர்த்தபோதிலும் களத்தில் எதையும் மாற்றவில்லை. ஆனால் ஆர்ஜென்டீனா 1982 ஏப்ரலில் போக்லாந்துத் தீவுகளைக் கைப்பற்றியதும், இரண்டு வாரங்களுக்குள் சமூகம் முழுவதும் அந்நாட்டின் பொருள்களுக்குக் கதவை அடைத்தது; சொல்லுக்குப் பின்னால் சந்தை நின்றது. மே மாதத்தில் தடையை நீடிக்கும் வேளை வந்தபோது இத்தாலியும் அயர்லாந்தும் விலகிக்கொண்டன. ஒற்றுமை எத்துணை விரைவில் கூடுமோ அத்துணை விரைவில் கலையவும் கூடும் என்பதைக் கண்ட நாடுகள், அடுத்து வந்த ஆண்டுகளில் அதனைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. 1987இல் நடைமுறைக்கு வந்த ஒருமை ஐரோப்பியச் சட்டம் அரசியல் ஒத்துழைப்பை முதன்முறையாக உடன்படிக்கையில் எழுதியது. 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை அதனைப் ‘பொது வெளிநாட்டு மற்றும் பாதுகாப்புக் கொள்கை’யாக உயர்த்தியது. எனினும் ஒரு விதி மாறாமல் நின்றது. முடிவுகள் ஏகமனதாகவே எடுக்கப்பட வேண்டும். அதாவது ஒரு நாடு மறுத்தாலும் முடிவு இல்லை. இவ்விதியின் மறுபக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. ஏகமனதாக எடுத்த முடிவைப் பின்னர் எந்தவொரு நாடும் தனித்து நின்று மாற்ற இயலாது.

இந்த அணிக்கு வெளியே இன்னொரு வர்த்தக அணியும் இருந்தது. 1960இல் பிரித்தானியா, சுவீடன், நோர்வே, டென்மார்க், ஒஸ்திரியா, போர்த்துக்கல், சுவிற்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகள் அமைத்த ஐரோப்பியத் தடையற்ற வர்த்தகச் சங்கம் தீர்வைக் குறைப்போடு நின்றுகொண்டது; வெளிநாட்டுக் கொள்கையை அது தொடவேயில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் பெரிய அணிக்குப் பெயர்ந்தபின், 2006இல் அதில் எஞ்சியிருந்தவை நோர்வே, ஐஸ்லாந்து, சுவிற்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கே. இந்தச் சிறிய பட்டியலை நினைவில் வைத்துக்கொண்டு இலங்கைச் சமாதான முயற்சியின் ஊர்ப் பெயர்களைப் பார்ப்பவருக்கு ஒஸ்லோவும் ஜெனீவாவும் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் விளங்கும். 2003 பெப்ரவரியில் பேர்லினில் நடந்த பேச்சுச் சுற்றும் அந்நகரிலிருந்த நோர்வேத் தூதரகத்துக்குள்ளேயே நடந்தது.

போர்நிறுத்தத்தையடுத்து 2002 ஏப்ரலில் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 வீதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபின் வன்னியின் தெற்கு வாயில் ஓமந்தையாயிற்று. வவுனியாவிலிருந்து வரும் பேருந்து அரச சோதனைச்சாவடியில் நின்றுவிடும். பயணிகள் பொதிகளை இறக்கிப் பிரித்துக் காட்டி, அடையாள அட்டையைப் பதிந்து, செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி நின்ற இடைவெளியைக் கடந்து, புளியங்குளத்தில் விடுதலைப் புலிகளின் சாவடியில் மறுபடியும் அதே பொதிகளைப் பிரித்துக் காட்டுவர். அந்த வரிசைக்குப் பக்கத்தில், கண்காணிப்புக் குழுவின் வெள்ளை வாகனம் கிளிநொச்சியிலிருந்த தொடர்பு அலுவலகத்தை நோக்கிப் போவதும் வருவதும் அக்காலத்து அன்றாடக் காட்சி. உடன்படிக்கைப்படி யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறு இடங்களில் உள்ளூர்க் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் ஐவர் இருந்தனர்: அரசு நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். பிள்ளையைப் படைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தாயும், கடலில் வலையை அறுத்துவிட்டார்கள் என்று மீனவரும், வீட்டில் இராணுவம் இருக்கிறது என்று காணிக்காரரும் முறைப்பாடு எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே பொது இடமாக அந்தக் குழுக்கள் விளங்கின. முறைப்பாடு எழுதியதால் பிள்ளை திரும்பிவிடும் என்ற உறுதி எவருக்கும் இருக்கவில்லை. ஆனால் எழுதிய தாளை ஒருவர் வாங்கி, இலக்கமிட்டு, மறு தரப்பிடம் கேள்வி கேட்டார். குழுவின் கணக்கின்படி 2002 பெப்ரவரி முதல் 2007 ஏப்ரல் இறுதி வரை புலிகளின் தரப்பில் 3,830 மீறல்களும் அரச தரப்பில் 351 மீறல்களும் தீர்மானிக்கப்பட்டன. புலிகளுக்கெதிரானவற்றில் மிகப் பெரும் பங்கு சிறுவர் சேர்ப்புப் பற்றியது. இந்த எண்களை இரு தரப்பாரும் தத்தமக்கு ஏற்றவாறு எடுத்தாண்டனர். ஆயினும் அவற்றுக்கு மூலமான தாள்களில் பெரும்பாலானவை இந்த மண்ணின் தாய் தந்தையர் எழுதியவை என்பது மறக்கத் தகாதது.

ஐரோப்பிய ஒன்றியமும் இக்காலத்தில் வன்னிக்குப் புறத்தே நிற்கவில்லை. 2003 ஜூனில் டோக்கியோவில் நடந்த உதவி வழங்கும் நாடுகளின் மாநாட்டுக்குப் பின்னர், ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், நோர்வே, அமெரிக்கா ஆகிய நான்கும் ‘இணைத் தலைமை நாடுகள்’ என்ற பெயரில் சமாதான முயற்சிக்குப் பொறுப்பேற்றன. மாநாட்டில் நான்கரை பில்லியன் டொலர் உதவி உறுதியளிக்கப்பட்டது. புலிகள் அதில் கலந்துகொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஒன்றியத்தின் வெளியுறவு ஆணையாளர் கிறிஸ் பற்றன் கிளிநொச்சிக்கு வந்து புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனைச் சந்தித்தார். பிரித்தானியா 2001இலேயே புலிகளைத் தடை செய்திருந்தது. அந்நாட்டைச் சேர்ந்த ஒருவரே ஒன்றியத்தின் சார்பில் கிளிநொச்சிக்கு வந்து பேச முடிந்தது. உறுப்பு நாடொன்று தனியே ஒரு நிலைப்பாட்டையும் ஒன்றியம் இன்னொன்றையும் கொண்டிருக்க அன்று இடமிருந்தது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த இடம் படிப்படியாகச் சுருங்கியது. வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஓகஸ்ட் 12ஆம் நாள் கொழும்பில் கொல்லப்பட்டதையடுத்து, உறுப்பு நாடுகள் இனிமேல் புலிகளின் தூதுக்குழுக்களை வரவேற்பதில்லை என்று செப்டெம்பரில் ஒன்றியம் அறிவித்தது. அடுத்த படி பட்டியலாகும். அமெரிக்காவில் 2001 செப்டெம்பரில் நடந்த தாக்குதல்களுக்குப் பின் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை எடுத்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அவ்வாண்டு டிசெம்பரில் ஒன்றியம் ஒரு ‘பொது நிலைப்பாட்டை’ ஏற்று, பயங்கரவாத அமைப்புகள் எனத் தான் கருதுவோரின் பட்டியலொன்றைத் தொடங்கியிருந்தது. அதில் சேர்க்கப்பட்ட அமைப்பின் நிதியும் சொத்தும் எல்லா உறுப்பு நாடுகளிலும் முடக்கப்படும். அதற்கு நிதி கொடுப்பது குற்றமாகும். ஆறு மாதத்துக்கு ஒரு முறையேனும் பட்டியல் மீளாய்வு செய்யப்படும். ஒன்றியத்தில் சேராமலே அந்தப் பட்டியலைப் பின்பற்றிவந்த நோர்வே, 2006 ஜனவரியில் அதிலிருந்து விலகி, ஐக்கிய நாடுகளின் பட்டியலை மட்டுமே ஏற்பதாக அறிவித்தது. சமாதான முயற்சிகளில் நடுநிலை அனுசரணையாளராக இருக்கத் தடையாகிவிடும் என்பதே அது சொன்ன காரணம். பெரிய அணிக்கு வெளியே நின்றதன் பயன் அந்நாட்டுக்கு அந்த ஒரு முடிவில் முழுமையாகக் கிட்டியது.

2006 ஏப்ரல் 25ஆம் நாள் கொழும்பு இராணுவத் தலைமையகத்தில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடத்தப்பட்டது. மே 11ஆம் நாள் எழுநூறுக்கு மேற்பட்ட படையினரை ஏற்றிச் சென்ற கப்பல் வடகடலில் கடற்புலிகளின் தாக்குதலுக்கு இலக்கானபோது, அந்தக் கப்பலில் கண்காணிப்பாளரும் இருந்தனர். தடையை வற்புறுத்தி வந்த அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் இனி மறுமொழி சொல்வது தயங்கிய நாடுகளுக்கு அரிதாயிற்று. மே 29ஆம் நாள் 25 உறுப்பு நாடுகளும் ஏகமனதாக விடுதலைப் புலிகளைப் பட்டியலில் சேர்த்தன. பலமுறை எச்சரித்தும் செவிசாய்க்கவில்லை என்று புலிகளைக் கண்டித்த ஒன்றியத்தின் அறிக்கை, அரச கட்டுப்பாட்டுப் பகுதிகளில் நடக்கும் வன்செயல்களை அடக்குமாறு இலங்கை அரசையும் கேட்டுக்கொண்டது. முதற்பகுதிக்குச் சட்டவலு இருந்தது. இரண்டாம் பகுதி வேண்டுகோளாக மட்டும் நின்றது. அந்த முடிவின் குறை அதன் கண்டனத்தில் இல்லை, இந்தச் சமனின்மையில் இருந்தது என்பதே இத்தொடரின் மதிப்பீடு.

சுவீடன், டென்மார்க், பின்லாந்து ஆகிய மூன்றின் கையிலும் மறுப்புரிமை இருந்தது. அவற்றின் பிரதிநிதிகள் வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பணியிலிருந்தனர். குழுவின் தலைவராக அப்போதிருந்த மேஜர் ஜெனரல் உல்ப் ஹென்றிக்சன் சுவீடன் நாட்டவர். தடையினால் களத்தில் விளையக்கூடியதை அவர் மறைத்துப் பேசவில்லை. இருந்தும் மூன்று நாடுகளும் கையை உயர்த்தவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தந்தியிலும் கூட்டத்திலும் படிந்த வழக்கம், தனித்து நின்று மறுப்பதை ஒழுங்கீனமாகக் காணச் செய்துவிட்டது. ஒருமித்த குரலைக் காப்பது ஒரு நோக்கமாகிவிட்டபோது, அந்தக் குரல் எதற்காக எழுப்பப்படுகிறது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது.

மறுபுறத்தில், கண்காணிப்பாளரை வெளியேறச் சொல்லுமாறு பட்டியல் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த முடிவைப் புலிகளே எடுத்தனர். ஜூன் 8, 9ஆம் நாள்களில் கண்காணிப்பாளரின் பாதுகாப்பைப் பேசவென ஒஸ்லோவுக்கு அழைக்கப்பட்ட இரு தரப்பும் அங்கே முகம் பார்க்கவேயில்லை. அரசியல்துறைப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வன் தலைமையில் சென்ற புலிகளின் குழு, தம்மைத் தடை செய்த அணியின் உறுப்பினர் இனி நடுவராக இருக்க முடியாது என்று நோர்வேயிடம் தெரிவித்தது. மாற்று ஏற்பாட்டுக்கு ஆறு மாதம் கேட்கப்பட்டது; புலிகள் கொடுத்த கெடு செப்டெம்பர் 1. நீதிமுறை நோக்கில் அந்த வாதத்தில் பொருள் உண்டு; ஆனால் போர் மூளும் வேளையில் சாட்சிகளை வெளியே அனுப்புவதால் யாருக்கு இழப்பு என்பதை அந்த வாதம் எண்ணிப் பார்க்கவில்லை. ஜூலை 1ஆம் நாள் முதல் ஒன்றியத்தின் சுழல்முறைத் தலைமை பின்லாந்திடம் வந்தது. ஒன்றியத்தின் பெயரில் இலங்கையில் அமைதி வேண்டிப் பேச வேண்டிய நாடே, அதே வாரங்களில் தன் கண்காணிப்பாளரைத் திருப்பி அழைக்க நேர்ந்தது.

அந்த இரண்டு மாதங்களில் நடந்தவை ஒவ்வொன்றும் சாட்சி வேண்டி நின்றவை. ஜூலையில் மாவிலாறு அணைக்கதவு மூடப்பட்டது. ஓகஸ்ட் 6ஆம் நாள், அதைத் திறக்கப் புலிகள் நோர்வேத் தூதரிடம் கிளிநொச்சியில் இணங்கிய அன்றே, அணையை நோக்கிச் சென்ற ஹென்றிக்சனின் அருகே எறிகணைகள் விழுந்தன. ஓகஸ்ட் 4ஆம் நாள் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டனர். ஓகஸ்ட் 11ஆம் நாள் ஏ-9 வீதி முகமாலையில் மூடப்பட்டது. ஓகஸ்ட் 14ஆம் நாள் முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானக் குண்டுகள் வீசப்பட்டு மாணவிகள் பலர் இறந்தபோது, அது படைப் பயிற்சி முகாம் என்று அரசும், பாடசாலை மாணவிகளின் வதிவிடப் பயிற்சி என்று மறுதரப்பும் கூறிய வேளையில், நேரில் சென்று பார்க்கக் கண்காணிப்பாளரும் யுனிசெப் பணியாளரும் இன்னும் இருந்தனர். மூதூர்க் கொலைகளுக்கு அரச பாதுகாப்புப் படைகளே பொறுப்பு என்ற குழுவின் தீர்மானம் ஓகஸ்ட் இறுதியில் வெளிவந்தது. அரசு அதனை மறுத்தது. ஹென்றிக்சன் நாட்டைவிட்டுச் செல்லுமுன் எஞ்சியிருந்தவை ஒரு சில நாள்களே.

செப்டெம்பர் 1 கடந்தபோது 57 கண்காணிப்பாளரில் 37 பேர் போய்விட்டனர். நோர்வேயையும் ஐஸ்லாந்தையும் சேர்ந்த சுமார் இருபது பேர், நோர்வேயின் மேஜர் ஜெனரல் லார்ஸ் யொஹான் சொல்பேர்க்கின் தலைமையில் எஞ்சினர். மக்கள்தொகையில் ஒன்றியத்தின் நூறில் ஒரு பங்களவே கொண்ட நோர்வேயும், யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காட்டிலும் குறைந்த குடிசனம் கொண்ட ஐஸ்லாந்தும் வடக்குக் கிழக்கு முழுவதையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒக்டோபர் 28, 29இல் கடைசிப் பேச்சும் ஒன்றியத்துக்கு வெளியே, ஜெனீவாவிலேயே நடந்தது. ஏ-9 வீதியைத் திறப்பது பற்றிய ஒரே கேள்வியில் அது முறிந்தது. 2007 நவம்பர் 2ஆம் நாள் தமிழ்ச்செல்வன் கிளிநொச்சியில் விமானத் தாக்குதலில் கொல்லப்பட்டார். 2008 ஜனவரி 16ஆம் நாள் அரசு உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகியதும் எஞ்சிய கண்காணிப்பாளரும் வெளியேறினர். முறைப்பாட்டுத் தாளை வாங்க அதன்பின் ஆளில்லை. செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் பணியாளரும் கிளிநொச்சியைவிட்டு ஓமந்தை வழியே போயினர்.

ஐரோப்பாவின் ஒருமித்த குரல் இலங்கை பற்றி மறுபடி முழு வலுவோடு ஒலித்தது போர் முடிந்து ஒன்பது நாள்களின் பின்னர். 2009 மே 27ஆம் நாள் ஜெனீவாவில் மனித உரிமைகள் சபையின் சிறப்பு அமர்வில், இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. சபையில் இடம்பெற்றிருந்த ஒன்றிய நாடுகளான பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, சிலோவாக்கியா, சிலோவேனியா, பிரித்தானியா ஆகிய ஏழும் பிசகின்றி எதிர்த்து வாக்களித்தன. சுவிற்சர்லாந்தும் அவற்றோடு நின்றது. எதிராக 12, ஆதரவாக 29, தீர்மானம் நிறைவேறியது. அன்றைய பொழுதில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் குடிமக்கள் ஏறத்தாழ அனைவரும், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஓமந்தையைக் கடந்து கொண்டுவரப்பட்டு, அவர்களில் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் தண்ணீர்த் தாங்கிகளுக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தனர்.